நாற்பத்தைந்தைத் தாண்டியபின் நர்சிங் அசிஸ்டென்ட் வேலைக்கு மாறுவது

கேள்வி சுருக்கமாக இது: வயது 47. இருபது வருடத்துக்கு மேல் நாற்காலியில் உட்கார்ந்தே பார்த்த வேலை. அதை விட்டுவிட்டு நர்சிங் அசிஸ்டென்ட் பயிற்சியில் சேரலாமா? இந்த வயதில் படிப்பு ஏறுமா, உடம்பு தாங்குமா, வேலைக்கு எடுப்பார்களா?

எடுப்பார்கள். நேரத்துக்கு வருகிற, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாத ஆள் கிடைப்பதுதான் இந்தத் துறையில் கஷ்டம். வயது கூடியவர்களை அந்த ஒரு காரணத்துக்காகவே விரும்பி எடுக்கும் இடங்கள் உண்டு. படிப்பும் ஏறும், பாடம் அதிகமில்லை. உடம்பைப் பற்றித்தான் நிதானமாக யோசிக்க வேண்டும். அதிலும் வயதைவிட முறைதான் முக்கியம். முறை தெரியாமல் தூக்கினால் இருபத்தைந்து வயது இடுப்பும் பிடித்துக்கொள்ளும்.

முதலில் வேலை என்னவென்று தெளிவாகிவிட வேண்டும். ஊசி போடுவது, மருந்து கொடுப்பது, சலைன் ஏற்றுவது எல்லாம் நர்சின் வேலை. உங்கள் வேலை நோயாளியின் உடம்பு: குளிப்பாட்டுவது, பல் துலக்கிவிடுவது, பல்செட்டைக் கழுவி வைப்பது, உடை மாற்றுவது, பெட்பேன் வைத்து எடுப்பது, டயப்பர் மாற்றுவது, சிறுநீர்ப் பையைக் காலி செய்து அளவு எழுதுவது, ஊட்டிவிடுவது, புரட்டிப் படுக்கவைப்பது, நடக்கவைப்பது, காய்ச்சல், நாடி, மூச்சு, பி.பி. பார்ப்பது. முதியோர் இல்லத்தில் பகல் ஷிஃப்டில் எட்டு, பத்துப் பேர் ஒருவர் பொறுப்பில் வருவது சாதாரணம். காலை இரண்டு மணி நேரத்துக்குள் அத்தனை பேரையும் எழுப்பி, சுத்தம் செய்து, உட்காரவைத்துவிட வேண்டும். மலம், சிறுநீர், வாந்தி, சளி நான்கும் ஒரே நாளில் கையுறையில் படும். ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலோருக்கு இது பழகிவிடும். ‘சேவை செய்யப் போகிறேன்’ என்ற நினைப்போடு மட்டும் வருகிறவர்கள்தான் முதல் மாதத்திலேயே திகைத்து நிற்கிறார்கள்.

பணம் கட்டுவதற்கு முன் உங்கள் உடம்பை நீங்களே ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். தரையில் உட்கார்ந்து, எதையும் பிடிக்காமல் எழ முடிகிறதா? இடுப்பளவு மேசைமேல் குனிந்தபடி இருபது நிமிடம் ஏதாவது செய்தால் முதுகு வலிக்கிறதா? நான்கு மணி நேரம் உட்காராமல் வீட்டில் நடமாடிவிட்டு, மறுநாள் காலை முழங்கால் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அன்றைய வலியைவிட மறுநாள் விறைப்புதான் சரியான அளவுகோல். பன்னிரண்டு மணி ஷிஃப்டுகள் அடுத்தடுத்து வரும்போது அதுதான் சேர்ந்துகொண்டே போகும். டிஸ்க் பிரச்சினை, தோள்பட்டை இறுக்கம், நெஞ்சுவலி ஏதாவது இருந்தால் டாக்டரிடம் ‘இந்த வேலைக்குப் போகலாமா’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘ஒரு ஷிஃப்டில் இருபது முறை ஒரு ஆளைப் புரட்ட வேண்டியிருக்கும்’ என்று விவரமாகச் சொல்லிக் கேளுங்கள். பதில் வேறுமாதிரி வரும்.

கண்ணாடியையும் கவனியுங்கள். புரோகிரசிவ் லென்ஸ் (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி) போட்டவர்களுக்குக் கீழே பார்க்கும்போது தரை மங்கலாகத் தெரியும். ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது அது ஆபத்து. அதே சமயம் பி.பி. டயலின் சின்னக் கோடுகளும், அளவுக் குவளையின் மில்லி லிட்டர் கோடுகளும் பளிச்சென்று தெரிய வேண்டும். காது மந்தமாகத் தொடங்கியிருந்தால் ஸ்டெதஸ்கோப்பில் பி.பி. ஒலியைப் பிடிப்பது சிரமம். இரண்டையும் பயிற்சிக்கு முன்பே சோதித்துச் சரிசெய்துவிடுங்கள்.

அடுத்தது தடுப்பூசி. காலம் பிடிப்பது இதுதான். ஹெபடைட்டிஸ் பி வழக்கமான முறையில் மூன்று டோஸ்: முதல் நாள், ஒரு மாதம், ஆறாவது மாதம். முடிந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பு அளவு பார்ப்பார்கள். லிட்டருக்கு 10 சர்வதேச அலகோ (ரிப்போர்ட்டில் 10 mIU/mL) அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று கணக்கு. நாற்பதைத் தாண்டியவர்களில் சிலருக்கு முதல் சுற்றில் அந்த அளவு வராது, மறுபடி போட வேண்டியிருக்கும். ஆகவே வேலை மாறுவது என்று முடிவு செய்த வாரமே முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள். தட்டம்மை, சின்னம்மை எதிர்ப்பு இருக்கிறதா என்றும் கேட்பார்கள். காசநோய்த் தோல் பரிசோதனையில் ஊசி போட்ட 48 முதல் 72 மணி நேரத்துக்குள் போய்க் காட்ட வேண்டும், தவறினால் முதலிலிருந்து. பெரும்பாலான இடங்களில் காவல்துறை நன்னடத்தைச் சான்றும், சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) பயிற்சிச் சான்றும் தேவைப்படும்.

பயிற்சியின் பெயரும் நீளமும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் மத்திய அரசு விதிப்படி குறைந்தது 75 மணி நேரம்; அதில் 16 மணி நேரமாவது கண்காணிப்பில் செய்முறை. பல மாநிலங்கள் இதைவிட அதிகம் கேட்கின்றன. தேர்வில் தேறி மாநிலப் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் முறையான வேலை. தொடர்ந்து 24 மாதம் சம்பளத்துக்கு இந்த வேலை செய்யாமல் இருந்தால் மறுபடி பயிற்சி முடிக்கவோ தேர்வு எழுதவோ வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: அங்கே அரசு நிதித் திட்டங்களில் உள்ள நர்சிங் ஹோம் ஒன்று உங்களை வேலைக்கு எடுத்துவிட்டது, அல்லது எடுப்பதாகச் சொல்லிவிட்டது என்றால், பயிற்சிக் கட்டணத்தை உங்களிடம் வாங்கக்கூடாது. கைக்காசு போட்டுப் படித்திருந்தாலும், முடித்த 12 மாதத்துக்குள் அப்படி ஓர் இடத்தில் சேர்ந்தால் திரும்பப் பெற வழி உண்டு. ஆகவே முதலில் வேலை தேடி, அவர்கள் செலவில் படிப்பது நல்ல வழி. இங்கிலாந்தில் முன்தகுதி இல்லாமலே சேர்த்துக்கொண்டு, வேலையில் இருக்கும்போதே கேர் சர்டிஃபிகேட் என்ற அடிப்படைப் பராமரிப்புப் பயிற்சியை முடிக்கவைப்பது வழக்கம். ஆஸ்திரேலியாவில் இந்த வேலைக்கான சர்டிஃபிகேட் 3 என்ற தொழிற்படிப்பில் குறைந்தது 120 மணி நேரம் நேரடிப் பணியிடப் பயிற்சி. இந்தியாவில் இதே வேலை ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் என்ற பெயரில் வரும்.

எந்த நாடானாலும் பயிற்சி மையத்தில் கேட்க வேண்டியவை சிலவே. அரசுப் பதிவேடோ தேர்வு வாரியமோ இந்த மையத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறதா? மொத்த நேரத்தில் உண்மையான நோயாளியோடு எத்தனை மணி? கற்றுத்தருபவர் வார்டில் வேலை பார்த்த பதிவுபெற்ற நர்சா? தேர்வுக் கட்டணம், சீருடை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் கட்டணத்துக்குள்ளா, வெளியிலா? ‘முழுக்க ஆன்லைன்’ என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். பொம்மையைப் புரட்டிப் பழகிய கைக்கு, வலியில் விறைத்துக்கொள்ளும் மனித உடம்பு முற்றிலும் புதிது.

படிக்கும்போது வயது கூடியவர்களுக்குத் தியரி சிரமம் தருவதில்லை. செய்முறைத் தேர்வில்தான் தடுக்கி விழுகிறார்கள், அதுவும் தெரியாமல் இல்லை, வரிசை மறந்து. ஒவ்வொரு வேலைக்கும் ஒரே மாதிரியான தொடக்கமும் முடிவும் உண்டு. தொடக்கம்: கதவைத் தட்டுவது, கை கழுவுவது, யாரென்று சொல்வது, நோயாளியின் பெயரைச் சரிபார்ப்பது, செய்யப்போவதைச் சொல்வது, திரையை இழுப்பது. முடிவு: கட்டிலைத் தாழ்த்துவது, சக்கரம் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது, அழைப்பு மணியைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது, திரையைத் திறப்பது, கை கழுவுவது, எழுதுவது. இந்த இரண்டையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பழக்கிவிட்டால் பாதி மதிப்பெண் கைக்கு வந்துவிடும். வீட்டில் பழகும்போது வாய்விட்டுச் சொல்லியே செய்யுங்கள். மனதுக்குள் சொன்னால் தேர்வுப் பதற்றத்தில் இரண்டு படி காணாமல் போகும்.

அடிக்கடி தோற்கவைக்கும் இடங்கள் சின்னவைதான். கை கழுவும்போது சோப்போடு தேய்ப்பது 20 விநாடிக்குக் குறைவது. கழுவிய கையால் குழாயை மூடுவது (சுத்தமான, உலர்ந்த தாளால்தான் மூட வேண்டும்). விரல் நுனி மேல்நோக்கி இருப்பதால் அழுக்குத் தண்ணீர் முழங்கைக்கு ஓடுவது. அந்தரங்க உறுப்பைச் சுத்தம் செய்யும்போது பெண்களுக்கு எப்போதும் முன்னிருந்து பின்னாக, ஒவ்வொரு துடைப்புக்கும் துணியின் புதிய பக்கம். பின்னிருந்து முன்னால் துடைத்தால் குடல் கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போய்விடும். இதில் தவறினால் அந்தச் செய்முறை முழுவதும் போச்சு. ஒரு பக்கம் செயலிழந்தவருக்கு உடை போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது.

அளவெடுப்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். தேர்வாளரின் எண்ணிக்கைக்கும் உங்களுடையதற்கும் நான்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பல தேர்வுகளில் தவறு என்று போடுவார்கள். மூச்சை எண்ணப்போவதாக நோயாளியிடம் சொல்லக்கூடாது. சொன்னதும் மூச்சின் வேகம் தானாக மாறிவிடும். மணிக்கட்டில் நாடி பார்க்கும் விரல்களை அப்படியே வைத்துக்கொண்டு, பார்வையை மட்டும் நெஞ்சுக்கு மாற்றி எண்ணுவதுதான் முறை. பி.பி. பட்டை சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (ரத்தக் குழாய்களை இணைத்துச் செய்யும் வழி) போட்ட கையில் பி.பி. பார்க்கவே கூடாது.

இனி, வயது கூடியவர்கள் அதிகம் பயப்படும் விஷயம்: தூக்குவது. நோயாளியை வெறும் கையால் தூக்குவதற்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வழிகாட்டும் உச்ச எடை 35 பவுண்டு, ஏறத்தாழ 16 கிலோ. பெரியவர் எவரையும் தனியாகத் தூக்கவே கூடாது என்பதுதான் இதன் அர்த்தம். ஆள் ஒரு மூட்டையைப் போல அசையாமல் இருப்பதில்லை. நடுவில் துள்ளுவார், பிடிப்பார், கால் மடங்கும். ஆகவே தூக்குவதற்குப் பதில் சறுக்கவைப்பது, புரட்டுவது, எழ உதவுவது, முடியாதவரை லிஃப்ட் கருவியில் (ஆளைத் துணித் தொட்டிலில் வைத்துத் தூக்கும் இயந்திரம்) ஏற்றுவது என்று போக வேண்டும்.

கட்டிலிலிருந்து வீல்சேருக்கு, ஒரு பக்கம் பலவீனமான ஒருவரை மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். வீல்சேரை அவருடைய நல்ல பக்கத்தில், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக வையுங்கள். இரண்டு பிரேக்கும் பூட்டி, கால் தாங்கிகளை ஒதுக்கிவிடுங்கள். கட்டிலை, அவர் பாதம் தரையில் முழுக்கப் படியும்வரை தாழ்த்துங்கள். வழுக்காத செருப்பு போட்டுவிடுங்கள். விளிம்பில் உட்காரவைத்து ஒன்றிரண்டு நிமிடம் காத்திருங்கள். படுத்திருந்தவர் திடீரென எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், அந்த நேரத்தில்தான் பலர் விழுகிறார்கள். கெய்ட் பெல்ட்டை (நோயாளியைப் பிடித்துத் துணை கொடுப்பதற்கான அகலப் பட்டை) இடுப்பில் உடைக்கு மேலே கட்டுங்கள், உள்ளே இரண்டு விரல் நுழையும் இறுக்கம் போதும். வயிற்றில் அண்மையில் ஆபரேஷன், வயிற்றில் செருகிய உணவுக் குழாய், ஸ்டோமா (கழிவு வெளியேற வயிற்றில் போட்ட துளை) ஏதும் இருந்தால் கட்டுவதற்கு முன் நர்சைக் கேளுங்கள். உங்கள் கால்கள் தோள் அகலத்துக்கு விலகி, முழங்கால் மடங்கி, முதுகு நேராக. அவருடைய பலவீனமான முழங்காலுக்கு முன் உங்கள் முழங்காலை அணை கொடுங்கள். மூன்று எண்ணி, அவரையே எழச் சொல்லுங்கள். உங்கள் வேலை பெல்ட்டைப் பிடித்துத் துணை கொடுப்பது. எழுந்ததும் பாதத்தை நகர்த்தித் திரும்புங்கள். இடுப்பை மட்டும் முறுக்கித் திரும்புவதில்தான் டிஸ்க் போகிறது. நாற்காலி விளிம்பு அவருடைய காலின் பின்புறம் தொட்டபின் மெல்ல உட்காரவையுங்கள்.

அவர் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடாதீர்கள். கால் நழுவினால் முழுப் பாரமும் உங்கள் கழுத்தெலும்பில். அக்குளில் கைவிட்டு இழுக்கவும் கூடாது. பக்கவாதம் வந்தவரின் தோள் மூட்டு அப்படியே விலகிவிடும். விழத் தொடங்கிவிட்டால் தாங்கிப் பிடிக்க முயலாதீர்கள். பெல்ட்டோடு உங்கள் உடம்பை ஒட்டி இழுத்து, உங்கள் தொடை வழியாகத் தரைக்குச் சறுக்கவிட்டு, தலையை மட்டும் காப்பாற்றுங்கள். நர்ஸ் வந்து பார்க்கும்வரை எழுப்பக் கூடாது. ஆள் குறைவான ஷிஃப்டில் ‘ஒரு நிமிட வேலைதானே’ என்று தனியாகச் செய்துவிடத் தோன்றும். முதுகு போகும் இடம் அதுதான். இன்னொருவர் வரும்வரை காத்திருந்ததற்காகத் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

உண்மையில் உங்கள் வயது கைகொடுக்கும் இடம், மாற்றத்தைக் கவனிக்கும் கண். குளிப்பாட்டும்போது முழு உடம்பையும் பார்ப்பவர் நீங்கள் மட்டுமே. வால் எலும்பு, குதிகால், இடுப்பெலும்பு, காது மடல் ஆகியவற்றில் சிவந்த இடம் தெரிந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் அழுத்தம் இப்போதுதான் பட்டிருக்கிறது. வெளுக்காமல் அப்படியே இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. பக்கத்துத் தோலைவிடச் சூடாக, கெட்டியாக அல்லது கொழகொழவென்று இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள். உள்ளே சேதமான திசு இன்னும் கிழியும். புரட்டுவது வழக்கமாக இரண்டு மணிக்கு ஒரு முறை. பக்கவாட்டில் முழுக்கச் சாய்க்காமல் 30 டிகிரி அளவுக்குத் தலையணை கொடுத்து, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்கால் கீழே இன்னொரு தலையணை.

ஊட்டும்போதும் அப்படித்தான். ஏறக்குறைய நேராக உட்காரவைத்து, அரை ஸ்பூன் அளவாக, விழுங்கியதைப் பார்த்தபின் அடுத்தது. முடித்தபின் அரை மணியாவது படுக்கவைக்கக் கூடாது. சாப்பிட்டதும் குரல் ஈரமாக, கரகரவென்று மாறினால் உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது. நிறுத்திவிட்டு நர்சைக் கூப்பிடுங்கள்.

பார்த்ததைச் சொல்லும் விதத்திலும் தேர்ச்சி வேண்டும். ‘பாட்டி இன்றைக்கு ஒரு மாதிரி இருக்கிறார்’ என்றால் நர்சால் ஒன்றும் செய்ய முடியாது. ‘4ஆம் அறைப் பாட்டி, காலையில் பெயர் சொன்னார், இப்போது என்னை அடையாளம் தெரியவில்லை. இரண்டு மணியிலிருந்து சிறுநீர் 60 மில்லிதான், கலங்கலாக இருக்கிறது. காய்ச்சல் 38.1 டிகிரி செல்சியஸ்’ என்றால் அடுத்த நிமிடம் வேலை நடக்கும். முதியவர்களில் சிறுநீர்த் தொற்று முதலில் குழப்பமாகத்தான் வெளிப்படலாம். சிலர் வலி என்று சொல்லவே மாட்டார்கள். தினம் பார்க்கிறவர் கண்ணுக்குத்தான் அந்த மாற்றம் படும்.

வயது கூடியவர்கள் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். பழைய வேலையில் முடிவெடுத்துப் பழகியவர்கள் இங்கேயும் எடுத்துவிடுகிறார்கள். மூச்சு வாங்குகிறதே என்று ஆக்சிஜன் அளவைக் கூட்டுவது, மேசையில் இருந்த மாத்திரையை எடுத்துக் கொடுப்பது, உறவினர் கேட்டதும் ‘பயப்படாதீர்கள், சரியாகிவிடும்’ என்று சொல்வது எல்லாமே எல்லை மீறல். நோய் பற்றிக் கேட்டால் ‘நர்சைக் கூட்டி வருகிறேன்’ என்பது மட்டும்தான் பதில். உங்கள் மகள் வயதுள்ள நர்ஸ் உங்களுக்கு வேலை சொல்வார், சில நேரம் கடுமையாகவும் சொல்வார். அதை மனதில் வைத்துக்கொள்ளாதவர்களே இந்த வேலையில் நிற்கிறார்கள். நர்சை முறையாக அழையுங்கள், ‘அம்மா, கண்ணு’ என்று உறவு கொண்டாட வேண்டாம்.

எங்கே சேருவது என்பதில் என் கருத்து: முதல் வேலைக்கு முதியோர் இல்லமோ நர்சிங் ஹோமோ நல்லது. அதே முகங்கள், அதே வரிசை; கை சீக்கிரம் பழகும். லிஃப்ட் கருவி எத்தனை இருக்கிறது, வேலை செய்கிறதா, இரண்டு பேர் தேவைப்படும் நோயாளிக்கு இரவில் யார் வருவார்கள் என்று நேர்முகத்தில் கேளுங்கள். பதில் தடுமாறினால் வேண்டாம். ஆஸ்பத்திரி வார்டில் கருவிகள் நன்றாக இருக்கும், வேகம் அதிகம், புதியவருக்கு நின்று சொல்லித்தர ஆள் கிடைப்பது அரிது. வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வேலை சுலபம் போலத் தெரியும். உண்மையில் அங்கே நீங்கள் தனி ஆள். நோயாளி விழுந்தால் கூப்பிட யாருமில்லை, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் நேரத்துக்குப் பல இடங்களில் சம்பளமும் இல்லை. ஒரு வருட அனுபவத்துக்குப் பிறகு அதற்குப் போகலாம்.

ஐம்பத்தைந்து, அறுபதில் இதே பளுவைத் தாங்குவது கடினம் என்று இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் பிரிவு, ரத்தம் எடுக்கும் வேலை, வார்டு அலுவலகம், புதியவர்களுக்குப் பயிற்சி தருவது என்று தூக்கும் வேலை குறைந்த இடங்களுக்கு உள்ளிருந்தே நகர முடியும். நர்சிங் படிக்கும் எண்ணம் இருந்தால், ஒரு வருடம் இந்த வேலையில் இருந்துவிட்டுத் தீர்மானிப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

சம்பளம் உங்கள் பழைய சம்பளத்தைவிடக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே பழைய வேலையைவிட்ட பின் பயிற்சியில் சேர வேண்டாம். மாலை அல்லது வார இறுதி வகுப்பில் சேர்ந்து, ஹெபடைட்டிஸ் ஊசி மூன்றும் ஓடும் அந்த ஆறு மாதத்துக்குள் பயிற்சியும் தேர்வும் முடித்து, பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு ஷிஃப்டாகப் பகுதி நேரம் பாருங்கள். அதில் ஒன்று இரவு ஷிஃப்டாக இருக்கட்டும். இரண்டு மாதம் அப்படி ஓடி, மறுநாள் காலை முழங்கால் சொன்னபடி கேட்டால் ராஜினாமா கடிதம் கொடுக்கலாம்.